பொன்னியின் செல்வனை முடித்தவருக்கு அடுத்து யாரைக் கொடுப்பது?

என் அக்கா மகள் சென்னையில் ஆங்கில வழியில் படித்தவள். பாடப்புத்தகத்துக்கு வெளியே தமிழில் எதையும் முழுதாகப் படித்ததில்லை. 2022-இல் மணிரத்னத்தின் படம் வந்தபோது, மீதிக் கதைக்காக அடுத்த ஆண்டுவரை காத்திருக்கப் பொறுக்காமல் கல்கியின் நாவலைக் கையில் எடுத்தாள். முதல் பாகத்தை எழுத்துக் கூட்டாத குறையாகக் கடந்து, மூன்றாம் பாகத்தில் வேகம் பிடித்து, ஐந்து பாகங்களையும் படித்து முடித்துவிட்டாள். முடித்த அன்று இரவே தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, நீங்க இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க? அதையே எனக்கும் குடுங்களேன்" என்றாள்.

நான் அப்போது அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ நாவலை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை, இரண்டு நாள் பொறு என்றேன். அந்த இரண்டு நாளில் நான்கு எழுத்தாளர்களை அவளுக்காகவே மறுபடி எடைபோட்டுப் பார்த்தேன். அதே கேள்வியோடு பலர் இருப்பதாலும், கேட்கப்படும் நிலையில் இன்னும் பலர் இருப்பதாலும், அந்த எண்ணங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

உடனே சொல்லாமல் தயங்கியதற்குக் காரணம் பழைய அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் அலுவலக நண்பர் ஒருவர், சுஜாதாவை விரும்பிப் படிப்பவர், நல்ல நாவலாக ஒன்று கொடுங்கள் என்று கேட்டார். எனக்கு மிகவும் பிடித்த, அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலைக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். அறுபது பக்கம் சுமாருக்குப் பேருந்துச் சீட்டு ஒன்று அடையாளமாகச் செருகியிருந்தது. அதற்கு அப்பால் தாள்கள் புத்தம் புதிதாக இருந்தன. "நல்லாத்தான் இருக்குங்க, ஆனா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதே" என்றார். ஒரு சமஸ்தானமே விழுந்து ஒரு நாடு மாறுகிற கதையில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஒருவருக்குத் தோன்றுமானால், அவர் வந்த வழி எது என்று கேட்காமல் புத்தகத்தைக் கொடுத்தவன் நான். அந்த நண்பர் அதற்குப் பிறகு என்னிடம் புத்தகம் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, பொன்னியின் செல்வனை முடித்து வருபவர் கையில் என்ன இருக்கிறது என்பதை. அந்த நாவல் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர். அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அதன் ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசி வரியிலும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு வருபவர் கதை நகர வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அது மட்டுமே அவருடைய சேமிப்பு என்று நினைப்பது தவறு. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் காட்சியிலிருந்தே, அவர் தண்ணீரையும் வயலையும் மனிதர்களின் பேச்சையும் ரசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஆழ்வார்க்கடியானின் வாதத்தைச் சிரித்தபடி கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, நந்தினி யார், யாருடைய மகள், அவளுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை முழுதாகத் தெரிந்துகொள்ளாமலே ஐந்து பாகங்களைக் கடந்திருக்கிறார். ஒரு பெண்ணைப் பற்றிய விடை தெரியாக் கேள்வியோடு வாழப் பழகிய வாசகரைக் கதைக்காக மட்டுமே படிப்பவர் என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தச் சேமிப்பில் எதைத் தொட்டு அடுத்த எழுத்தாளரை அறிமுகப்படுத்துவது என்பதுதான் தேர்வு. என் பட்டியலில் இருந்தவர்கள் ஜெயகாந்தன், அசோகமித்திரன், கி. ராஜநாராயணன், தி. ஜானகிராமன்.

ஜெயகாந்தனில் தொடங்குவதற்கு வலுவான நியாயங்கள் உண்டு. அவரும் வார இதழ் வாசகர்களோடு நேருக்கு நேர் பேசி வளர்ந்தவர், மொழி தெளிவானது, எதைப் பற்றிய கதை என்ற ஐயம் முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிடும். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்னிப் பிரவேசம்’ கதையில், மழை நாளில் காரில் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த முடிவு வாசகர்களிடையே பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் பெண்ணின் கதி என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதற்கு 1972-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதும் அவரைத் தேடி வந்தது. ஒரு சிறுகதையையும் அதற்கு மாற்றாக எழுந்த நாவலையும் அடுத்தடுத்துப் படிப்பது, எழுத்தாளர் ஒருவர் தன் முடிவைத் தானே எப்படித் திரும்பக் கேள்வி கேட்கிறார் என்பதைப் புதிய வாசகருக்குக் காட்டும் அரிய வாய்ப்பு.

இருந்தும் அவரை முதலாவதாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜெயகாந்தனின் பாத்திரங்கள் வாதாடுகிறார்கள்; அந்த வாதத்தில் வாசகர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் ஆசிரியர் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் அந்த வாதங்கள் தீயாக இருந்தன. இன்று இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு அவற்றில் பாதி ஏற்கெனவே முடிந்துபோன வழக்குகள். அந்த வெப்பத்தை உணர அக்காலத்து வாழ்க்கை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ மட்டும் இதற்கு விலக்கு. அதில் வரும் ஹென்றி யாரோடும் வாதாடுவதில்லை; வெறுமனே அன்பாக இருக்கிறான். என்றாலும் அதைப் படிக்கவும் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

அசோகமித்திரனைப் பற்றிப் பேசும்போது என் விருப்பம் குறுக்கே வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தமிழில் நான் அதிக முறை திரும்பத் திரும்பப் படித்தவர் அவர். 1931-இல் சிகந்தராபாத்தில் பிறந்து, தந்தை இறந்த பிறகு சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டுடியோவில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர். அந்த ஸ்டுடியோ வாழ்க்கை ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள்: சினிமாவைப் பற்றிய நாவலில் நட்சத்திரங்கள் ஓரத்தில் நிற்க, வண்டி ஏற்பாடு செய்பவரும் பணத்துக்கு அலைபவரும் நடுவில் நிற்கிறார்கள். முதலில் நம் மனத்தைப் பிடித்துக்கொள்ளும் புரொடக்‌ஷன் மேனேஜர் நடராஜன் சொல்லாமல் கொள்ளாமல் கதையிலிருந்து நழுவிவிடுகிறான். அவன் கதி என்ன ஆனது என்பது பிறகு மற்றவர்கள் பேச்சினூடே வந்து போகிறது. அந்த இடத்தில் மூன்று முறையும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்திருக்கிறேன்.

ஆனால் அந்த இடம் வலிப்பதற்கு, வாசகர் முன்பே அந்த நடையின் அடக்கத்துக்குப் பழகியிருக்க வேண்டும். அசோகமித்திரன் எதையும் அடிக்கோடிட மாட்டார். ‘எலி’ என்ற சிறுகதையில் ஒருவர் எலிப்பொறிக்காகக் கடையில் வடை வாங்கி வருகிறார். எலி மாட்டிக்கொள்கிறது. வெளியே கொண்டுபோய்த் திறந்துவிட்டால் காக்கை கொத்திக்கொண்டு போகிறது. பிறகுதான் தெரிகிறது, பொறிக்குள் வடை அப்படியே இருக்கிறது. எலி அதைத் தின்னவே இல்லை. கதை அவ்வளவுதான். இந்தக் கதையில் இரக்கம், வருத்தம் என்ற சொற்களுக்கு வேலையே இல்லை. கொக்கி போட்டு முடியும் அத்தியாயங்களிலிருந்து நேராக வருபவர் அந்த வடையைத் தாண்டிப் போய்விடக் கூடும். என் நண்பருக்கு நடந்ததும் அதுதான். எனவே நான் மிக அதிகமாக நேசிக்கும் எழுத்தாளரை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைப்பது என்று முடிவுசெய்தேன். அவரை அவசரப்பட்டுக் கொடுத்து இழப்பதைவிடத் தாமதமாகக் கொடுப்பது மேல்.

கி. ராஜநாராயணனோடு தொடங்கலாமா என்பதில்தான் நீண்ட நேரம் தயங்கினேன். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்து, பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, விவசாயம் பார்த்து, முப்பது வயதுக்கு மேல் எழுத வந்த மனிதர். பேச்சைக் காகிதத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்கு இணையாகச் சிலரைத்தான் சொல்ல முடியும். அவருடைய கதைகளில் சொல்பவரின் குரல் கேட்கும். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி ஒருவர் நம்மைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். கல்கியும் வாசகரைப் பார்த்து நேரடியாகப் பேசுகிறவர்தான். ஆகவே இந்தத் திசையில் ஒரு வழி உண்மையிலேயே இருக்கிறது.

‘கதவு’ கதையைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஏழை வீட்டுக் கதவு ஒன்றைக் குழந்தைகள் வண்டியாக்கி, அதில் தொற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டி, பயணம் போகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் பனிக்காற்று புகுந்து என்ன செய்கிறது என்பதை இரண்டே வரியில் கடந்துபோகிறார். பிறகு சாவடிப் பக்கம் கிடக்கும் கதவைக் கண்டுபிடித்த குழந்தைகள் அதைத் தொட்டுத் தடவி அணைத்துக்கொள்ளும் இடம் வருகிறது. ‘நாற்காலி’ கதை இன்னொரு வகை. வீட்டில் ஆசையாகச் செய்த நாற்காலியை, ஊரில் யார் செத்தாலும் பிணத்தை உட்கார்த்தி வைக்க இரவல் கேட்டு வருகிறார்கள். கொஞ்ச நாளில் அந்த நாற்காலியில் உட்காரவே வீட்டில் ஆள் இல்லை. சாவைப் பற்றிய ஒரு கதையை இவ்வளவு சிரிப்போடு எழுத முடியும் என்பதை முதல்முறை படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. நாவலாக வேண்டுமானால் 1976-இல் வெளிவந்த ‘கோபல்ல கிராமம்’ இருக்கிறது. ஆந்திரப் பக்கத்திலிருந்து தப்பி வந்த தெலுங்கு பேசும் குடும்பங்கள் கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்கும் கதையை, மங்கத்தாயாரு என்ற கிழவியின் நினைவு வழியே சொல்கிறார். அதுவும் ஒரு வகையில் வரலாற்று நாவல்தான். அரசர்கள் இல்லாத வரலாறு. அரசனிடமிருந்து தப்பி ஓடியவர்களின் வரலாறு. பொன்னியின் செல்வனுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க இதைவிடப் பொருத்தமான மறுபக்கம் எனக்குத் தெரியவில்லை.

தயக்கத்துக்குக் காரணம் சொற்கள். சம்சாரி என்றால் கரிசலில் விவசாயி. சென்னையில் வளர்ந்த பெண் அதைக் குடும்பஸ்தர் என்று எடுத்துக்கொண்டால் பொருள் மாறிவிடும். மாறியதே தெரியாமல் படித்துக்கொண்டும் போவாள். கி.ரா. வட்டார வழக்குக்குத் தனியாக ஓர் அகராதியே தொகுத்தவர் என்பது அந்தச் சொற்களம் எவ்வளவு பெரியது என்பதற்குச் சான்று. இரண்டாவது புத்தகமாக, கொஞ்சம் தமிழ் நெஞ்சில் ஊறிய பிறகு வந்தால், அந்தச் சொற்கள் இன்பமாகும். முதலாவதாக வந்தால் வேலியாகிவிடலாம். இவரைப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்ட முடிந்தால் மட்டும் என் கருத்து மாறும். அவர் எழுத்து காதுக்கானது. எங்கள் வீட்டில் என் அம்மா ‘நாற்காலி’யை வாய்விட்டுப் படித்தபோது அகராதி யாருக்கும் தேவைப்படவில்லை.

மிஞ்சியவர் தி. ஜானகிராமன். 1921-இல் தேவங்குடியில் பிறந்தவர், வானொலியில் பணிபுரிந்தவர், 1982-இல் மறைந்தவர். கல்கியிடமிருந்து அவருக்கு நடந்து போகும் தூரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே காவிரி, அதே தஞ்சை மண். வந்தியத்தேவன் குதிரையில் கடந்த ஊர்களில் ஆயிரம் ஆண்டு கழித்து ஈர வேட்டியோடு ஆற்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களைப் பற்றி அவர் எழுதினார். கல்கியைப் போலவே சங்கீதத்தை உள்ளிருந்து அறிந்தவர். உரையாடலில் அவருக்கு இருந்த கைத்திறம் வேறு எவருக்கும் வாய்க்கவில்லை என்றே சொல்வேன். இரண்டு பேர் பேசிக்கொண்டே இருப்பார்கள். கதை தானாக நகர்ந்திருக்கும். பக்கங்கள் புரள்வது வாசகருக்குத் தெரியாது. கதை நகர வேண்டும் என்ற பழக்கத்தோடு வருபவருக்கு இது பெரிய துணை. பேச்சில் மயங்கி உள்ளே வந்தவர், தான் இப்போது சாகசம் எதுவும் இல்லாத ஒரு கதையை மூச்சுவிடாமல் படித்துக்கொண்டிருப்பதைப் பாதியில்தான் உணர்வார்.

சிறுகதைகளில் ‘சிலிர்ப்பு’ ஒரு ரயில் பயணம். வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்படும் சிறுமி ஒருத்திக்கு, தான் தின்னாமல் ஆசையாக வைத்திருந்த ஆரஞ்சைப் பக்கத்துச் சிறுவன் கொடுக்கிறான். சுருக்கிச் சொன்னால் இதில் ஒன்றுமில்லை. படித்தால் கண் நிறைந்துவிடும். ‘பாயசம்’ அதற்கு நேர் எதிர். அண்ணன் மகனின் செழிப்பைப் பொறுக்காத கிழவர் ஒருவர் கல்யாண வீட்டில் பெரிய தவலைப் பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, எலி கிடந்தது என்று பொய் சொல்கிறார். கனிவை எழுதிய அதே கை பொறாமையை இத்தனை நெருக்கமாக எழுதியது என்பதைப் புதிய வாசகர் இரண்டு கதைகளிலேயே கண்டுகொள்ளலாம்.

நாவல்களில் எது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. இங்கே பலர் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். ஜானகிராமன் என்றதும் ‘மோகமுள்’ளைக் கையில் திணிப்பது வழக்கம். கும்பகோணமும், பாபுவும், அவனைவிட வயதில் மூத்த யமுனாவும், ரங்கண்ணாவின் பாட்டும் சேர்ந்த அந்தப் பெரிய நாவல் அவருடைய புகழுக்கு முதல் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அறுநூறு பக்கத்துக்கு மேல் ஓடும். ஐந்து பாகங்களை அப்போதுதான் முடித்தவருக்கு மீண்டும் ஒரு மலையைக் காட்டுவது சரியா? அதைவிட, 1966-இல் வெளிவந்த ‘அம்மா வந்தாள்’ ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்குதான். காவிரிக் கரையில் ஒரு வேத பாடசாலை. பதினாறு ஆண்டுகள் அங்கே படித்து முடித்த அப்பு. அவன் மேல் பிரியம் வைத்திருக்கும் இந்து. சென்னையில் அவன் தாய் அலங்காரம். அலங்காரத்துக்குக் கணவன் அல்லாத ஒருவரோடு உறவு இருக்கிறது. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அது தெரியும். அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை, விளக்கம் சொல்வதும் இல்லை. ஒரு மகனை மட்டும் வேதத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறாள்.

நந்தினியைத் தாங்கிக்கொண்ட வாசகரால் அலங்காரத்தைத் தாங்க முடியும் என்பதுதான் என் தேர்வின் முடிச்சு. இரண்டு பெண்களையும் சுற்றி ஆண்கள் சுழல்கிறார்கள். இருவருடைய நடையிலும் ஒரு ராணித்தனம் இருக்கிறது. இருவரையும் முழுதாகத் தெரிந்தவர் அவர்கள் கதையிலேயே யாரும் இல்லை. நந்தினியைச் சுற்றி அரியணையும் சதியும் இருந்ததால் அவளுடைய புதிர் கதைக்குள் மறைந்து நின்றது. அலங்காரத்தைச் சுற்றி ஒரு வாடகை வீடும் சமையலறையும்தான். அங்கே அந்தப் புதிர் மறைய இடமில்லாமல் நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இதைப் படித்தவருக்குப் பிறகு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் வரும் ஜமுனாவைக் கொடுக்கலாம். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடத்தோடு நிற்கும் அவளும் தன்னைப் பற்றி அதிகம் சொல்லாதவள்.

இந்தத் தேர்வில் எனக்கிருந்த ஒரே கவலை மொழி. அவர் பாத்திரங்களில் பெரும்பாலோர் பேசுவது தஞ்சைப் பிராமணப் பேச்சு. சிலருக்கு அது அன்னியமாக இருக்கலாம். அந்த உலகமே தங்களுக்கு வெளியே இருப்பதாகவும் தோன்றலாம். அது நியாயமான உணர்வு. அதற்கு எதிராக வாதாட எனக்கு உரிமையில்லை. அப்படித் தோன்றுகிறவருக்கு நான் பூமணியின் ‘வெக்கை’யை முதலில் கொடுப்பேன். 1982-இல் வந்தது, ‘அசுரன்’ படத்துக்கு மூலம். ஒரு சிறுவன் ஒருவனை வெட்டிவிட்டு ஓடுவதில் தொடங்கும் கதை. தகப்பனும் மகனும் காட்டில் மறைந்து திரியும் நாட்கள். சமைக்கும் சோறு, குடிக்கும் தண்ணீர், படுக்கும் பாறை. கதையின் விசை குறையவே குறையாது. கரிசல் சொற்கள் இதிலும் உண்டு. ஆனால் ஓடுகிறவனோடு சேர்ந்து ஓடும்போது சொல்லுக்காக யாரும் நிற்பதில்லை. படத்தைப் பார்த்தவர்களும் தயங்க வேண்டாம். நாவலின் அமைதி வேறு. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, அம்பையின் சிறுகதைகள், புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ ஆகியவையும் என் மேசையில் அன்று வெளியே எடுக்கப்பட்டன. அவற்றின் முறை பிறகு வரும் என்று திரும்ப அடுக்கினேன்.

கேட்பவர் கோவில்பட்டிப் பக்கத்தவராகவோ, தாத்தா பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவராகவோ இருந்தால் என் வரிசையைப் புரட்டிப் போட்டுக் கி.ரா.வில் தொடங்கலாம். பட்டிமன்றமும் அரசியல் விவாதமும் பிடித்தவருக்கு ஜெயகாந்தன் முதல் நாளே உறவாகிவிடுவார். ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ ஏற்கெனவே அடக்கமான சிறுகதைகளைப் படித்துப் பழகியவர் என்றால் தயங்காமல் அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையைக் கொடுத்துவிடலாம். வாய்ப்புக் கேட்டு ஸ்டுடியோவுக்கு வரும் ஓர் ஏழை, அலுவலக அறைக்குள் சில நிமிடம் புலியாகவே மாறிப் பாய்ந்துவிட்டு, மறுபடி கூழைக் கும்பிடு போடும் மனிதனாகச் சுருங்கும் காட்சியை அவர் தவறவிட மாட்டார். ஆகவே எழுத்தாளரைச் சொல்வதற்கு முன், கடைசியாக எதை முடித்தீர்கள், எதைப் பாதியில் விட்டீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுகிறேன். பாதியில் விட்டதைப் பற்றிச் சொல்லும்போது மனிதர்கள் மிகவும் உண்மையாகப் பேசுகிறார்கள்.

இரண்டு நாள் கழித்து அக்கா மகளுக்கு ‘அம்மா வந்தாள்’ வாங்கி அனுப்பினேன். கூடவே ‘சிலிர்ப்பு’ கதையை ஒளிநகல் எடுத்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மடித்து வைத்தேன். அதை முதலில் படி என்று மட்டும் எழுதினேன். பத்து நாள் கழித்துப் பேசினாள். ரயில் கதையைத் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டியதாகச் சொன்னாள். நாவலில், அப்பு ஊருக்கு வந்து வீட்டில் நடப்பதைப் பார்க்கத் தொடங்கும் இடத்தில் இருந்தாள். "மாமா, அவங்க அப்பாவுக்கு எல்லாம் தெரியுது இல்ல? தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?" என்றாள். எனக்குத் தெரிந்த விடையைச் சொல்லாமல், மீதியையும் படித்துவிட்டுக் கூப்பிடு என்றேன்.